மண்டியிட்டிருப்பவரை முதலில் பாருங்கள்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், ரயில் நிலையத்துக்கு எதிரே சாண்டா மரியா நொவெல்லா என்ற தேவாலயம் இருக்கிறது. சுற்றிக்கொண்டு முன்பக்கச் சதுக்கத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தால், வெள்ளையும் பச்சையுமான பளிங்கு முகப்பின் மேலே, முக்கோண முகட்டுக்குக் கீழே, பெரிய எழுத்துகளில் ஒரு லத்தீன் வரி ஓடுகிறது. வேதவசனமாக இருக்கும் என்று நினைப்போம். இல்லை. ‘பவுலின் மகன் ஜொவான்னி ருச்செல்லாயி, இரட்சிப்பின் ஆண்டு 1470’ என்பதே அந்த வரி. முகப்புக்குப் பணம் கொடுத்த வணிகரின் பெயர் அது.

கோயில் மணியிலும் குத்துவிளக்கின் அடியிலும் ‘உபயம்’ என்ற சொல்லைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்காத செய்தியல்ல. அந்தப் பழக்கமே இங்கே நமக்குக் கைகொடுக்கும். இடைக்கால, மறுமலர்ச்சிக் கால ஐரோப்பியக் கலையைப் புதிதாகப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஓவியரின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். நான்கைந்து மரியன்னை ஓவியங்களுக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றி, கால் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. பணம் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், எதைக் கண்டு அஞ்சினார் என்று கேட்டுப் பாருங்கள். அதே சுவர் வேறு விதமாகப் பேசும். அப்படிக் கேட்கும் வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரே ஒரு சிற்றாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

ஒரு நகரத்தையோ ஓர் அருங்காட்சியகத்தையோ அல்ல, ஒரு சிற்றாலயத்தை. பெரிய தேவாலயங்களின் பக்கவாட்டில் அறை அறையாக இருக்கின்றனவே, அவைதான். தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது ஃபுளோரன்ஸில் சாண்டா திரினிதா தேவாலயத்துக்குள் இருக்கும் சாசெட்டி சிற்றாலயம். ஓவியர் தொமேனிக்கோ கிர்லாந்தாயோ; வேலை நடந்தது 1480களின் முதற்பாதியில். நேரில் போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். அதன் தெளிவான படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. ஒரு தாளில் மூன்று சுவர்களையும் கட்டங்களாக வரைந்து, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் கடைசிவரை உதவும்.

பார்ப்பதற்கு முன் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த அறைகள் யாருக்குச் சொந்தம்? கட்டடம் துறவிகளுடையது. ஆனால், ஒரு சிற்றாலயத்தை அலங்கரிக்கும் உரிமையையும் அங்கே குடும்பத்தினரை அடக்கம் செய்யும் உரிமையையும் ஒரு குடும்பம் பணம் கொடுத்துப் பெறலாம். பதிலுக்கு அந்தக் குடும்பம் பீடத்துக்கு வேண்டிய விளக்கு, மெழுகுவத்தி, உடைகள் எல்லாவற்றுக்கும் வழிசெய்யும். இறந்தவர்களுக்காக ஆண்டுதோறும் திருப்பலி என்ற பூசையை நிறைவேற்ற ஓர் அறக்கட்டளையும் வைக்கும்.

திருப்பலிதான் இதன் உயிர்நாடி. இறந்தவரின் ஆன்மா நேராக மோட்சம் போகாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தங்கித் தூய்மை பெறுகிறது என்றும், உயிரோடிருப்பவர்களின் மன்றாட்டும் திருப்பலியும் அந்த வேதனைக் காலத்தைக் குறைக்கும் என்றும் அவர்கள் உறுதியாக நம்பினார்கள். 1348இல் கொள்ளைநோய் ஃபுளோரன்ஸில் பாதிப் பேரையோ அதற்கும் மேலோ வாரிக்கொண்டுபோன பிறகு, சாவு தலைமுறைதோறும் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த மனிதர்களுக்கு இந்த அறை ஆடம்பரப் பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது.

இரண்டாம் படி: மண்டியிட்டிருப்பவரைத் தேடுங்கள்

சாசெட்டி சிற்றாலயத்தில் தேட வேண்டிய அவசியமே இல்லை. நடுவில் பீடத்து ஓவியம். அதன் வலப்பக்கச் சுவரில், சிவப்பு அங்கி அணிந்த, தலை வழுக்கை விழுந்த ஒரு முதியவர் கைகூப்பி மண்டியிட்டிருக்கிறார். பிரான்செஸ்கோ சாசெட்டி. இடப்பக்கம் அவர் மனைவி நேரா கோர்சி, கருத்த உடையில். நடுவில் இருப்பது குழந்தை இயேசுவை இடையர்கள் வணங்கும் காட்சி. கணவனும் மனைவியும் ஓவியத்துக்கு வெளியே, சுவரில் இருந்துகொண்டே அந்தக் குழந்தையை வணங்குகிறார்கள். அவர்களுக்குக் கீழே 1480 டிசம்பர் 25 என்ற தேதி, ஆண்டு ஒரு பக்கமும் நாள் மறுபக்கமுமாக எழுதப்பட்டிருக்கிறது. கிறிஸ்து பிறப்பு ஓவியத்துக்கு இருபுறமும் கிறிஸ்து பிறப்பு நாள்.

இப்போது பக்கச் சுவர்களைப் பாருங்கள். மாடக்குழிகளுக்குள் இரண்டு கருங்கல் கல்லறைப் பெட்டிகள். ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. தம் கல்லறைக்கு அருகிலேயே, உயிரோடிருந்தபோதே, தம்மை நிரந்தரமாக மண்டியிட வைத்திருக்கிறார் அந்த மனிதர். ஓவியன் அவரை அழகுபடுத்தவில்லை. தளர்ந்த கன்னம், மொட்டைத் தலை, இறுகிய வாய் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தீர்ப்பு நாளில் எழுந்து வரும்போது அடையாளம் தெரிய வேண்டும் என்பதுபோல.

சாசெட்டி யார்? மெடிச்சி வங்கியின் தலைமை மேலாளர். ஃபுளோரன்ஸை நடைமுறையில் ஆண்டுகொண்டிருந்த லொரென்சோ தே மெடிச்சியின் பண விவகாரங்களைப் பார்த்துக்கொண்டவர். வங்கியின் வெளிநாட்டுக் கிளைகள் ஒவ்வொன்றாக நட்டத்தில் சரிந்துகொண்டிருந்த காலம் அது. 1488இல், முதுமையிலும், பிரான்சின் லியோன் கிளையைச் சீர்செய்ய அவரே பயணப்பட வேண்டியிருந்தது. 1490இல் இறந்துபோனார். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கூப்பிய கைகளை மறுபடி பாருங்கள்.

மூன்றாம் படி: எந்தப் புனிதர், ஏன் அவர்?

புனிதர்களை அடையாளம் காண்பது எளிது. சாவி வைத்திருப்பவர் பேதுரு. உடைந்த சக்கரம் என்றால் கத்தரீன். உடலில் அம்பு தைத்திருந்தால் செபஸ்தியார். கொள்ளைநோய்க் காலத்தில் அதிகம் வேண்டப்பட்டவர் அவர். இரும்பு அடுப்புக்கட்டில் லாரன்சுக்கு, சிங்கம் ஜெரோமுக்கு. மருத்துவச் சகோதரர்களான கோஸ்மாஸ், தமியான் இருவரையும் கண்டால் மெடிச்சி குடும்பத்தின் கை அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘மெடிச்சி’ என்றால் மருத்துவர்கள். அதனால் அவர்களையே குலப் புனிதர்களாக வைத்துக்கொண்டார்கள்.

பெரும்பாலும் புரவலரின் பெயருக்கும் புனிதரின் பெயருக்கும் முடிச்சு இருக்கும். பிரான்செஸ்கோ சாசெட்டி தம் பெயர் கொண்ட அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் வாழ்க்கையை வரையச் சொன்னார். இதில் ஒரு கதை உண்டு. அவர் முதலில் விரும்பியது இந்த இடத்தை அல்ல. சாண்டா மரியா நொவெல்லாவின் தலைமைப் பீடத்தைச் சூழ்ந்த பெரிய சிற்றாலயத்தை. அது டொமினிக்கன் சபைத் துறவிகளின் தேவாலயம். பிரான்சிஸ்கன் சபையை நிறுவியவரின் கதையைத் தங்கள் தலைமைப் பீடத்தைச் சுற்றி வரைய அவர்கள் ஒப்பவில்லை. சாசெட்டி புனிதரை விட்டுக்கொடுக்கவில்லை, இடத்தை விட்டுக்கொடுத்தார். அதன் பிறகே சாண்டா திரினிதா. பணம் இருந்தால் எதையும் வரையச் சொல்லலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே கொடுப்பவர், வாங்கும் துறவிகள், வரையும் பட்டறை என்று மூன்று தரப்பு எப்போதும் இருக்கிறது.

நான்காம் படி: கதைக்குச் சம்பந்தமில்லாத முகங்களை எண்ணுங்கள்

பின்சுவரின் மேற்பகுதியில், போப்பாண்டவர் முன் பிரான்சிஸ் மண்டியிட்டுத் தம் சபையின் ஒழுங்குவிதிக்கு ஒப்புதல் பெறுகிறார். போப் ஹொனோரியுஸ் இதை அங்கீகரித்தது 1223இல், ரோம் நகரில். ஆனால், படத்தின் பின்னணியில் தெரிவது ஃபுளோரன்ஸின் அரசு மாளிகைச் சதுக்கம். அதன் வளைவு மண்டபம்கூட அப்படியே இருக்கிறது. வலப்பக்க முன்வரிசையில் நிற்பவர்கள் யார்? கறுத்த தலைமுடியும் சப்பை மூக்குமாக லொரென்சோ. அவர் பக்கத்தில் சாசெட்டியும் அவருடைய சிறு மகனும்.

படத்தின் கீழ் ஓரத்தில் படிக்கட்டு ஒன்று திறந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு கூட்டம் நம்மை நோக்கி ஏறி வருகிறது. முன்னால் வருபவர் கவிஞரும் ஆசிரியருமான பொலிசியானோ. உடன் வருபவர்கள் அவரிடம் படிக்கும் லொரென்சோவின் பிள்ளைகள். அவர்களில் ஒருவனான ஜொவான்னிதான் 1513இல் பத்தாம் லியோ என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனவர். 1480களில் இதை வரைந்தவனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. போப்பாண்டவர் அமர்ந்திருக்கும் காட்சியின் அடியில் அந்தச் சிறுவனின் முகத்தைக் காண எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கிறது.

இதை வெறும் முகத்துதி என்று தள்ளிவிடாதீர்கள். புனிதரின் வாழ்வை நம் தெருவில், நமக்குத் தெரிந்த முகங்களின் நடுவே நடப்பதாகக் கற்பனை செய்து தியானிக்க வேண்டும் என்பது அக்காலப் பக்தி நூல்கள் சொல்லிக்கொடுத்த முறை. முதலாளியின் மனத்தைக் குளிர்விப்பதும் அந்தப் பக்தியும் ஒரே படத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. ஒன்று உண்மை, மற்றது வேடம் என்று பிரிக்க முயன்றால் இரண்டும் கைநழுவிப்போகும்.

இதற்குச் சான்று வேண்டுமானால், சாசெட்டி இழந்த அதே சாண்டா மரியா நொவெல்லா சிற்றாலயத்துக்கு வாருங்கள். அதை லொரென்சோவின் தாய்மாமன் ஜொவான்னி தொர்னபுவோனி எடுத்துக்கொண்டு, அதே கிர்லாந்தாயோ பட்டறையிடம் 1485 செப்டம்பரில் 1,100 ஃபுளோரின் பொற்காசுக்கு ஒப்பந்தம் செய்தார். ஏன் இதைச் செய்கிறேன் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்: பக்தியாலும் இறைவன்மேல் கொண்ட அன்பாலும், தம் குடும்பமும் குலமும் உயர்வதற்காகவும், தேவாலயத்தின் அழகுக்காகவும். மூன்றையும் ஒரே மூச்சில், எந்தக் கூச்சமும் இல்லாமல்.

ஐந்தாம் படி: நீலத்தைப் பாருங்கள், ஒப்பந்தத்தைப் படியுங்கள்

ஒப்பந்தங்கள் நிறையத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. தொடங்குபவர்களுக்கு ஒன்று போதும். ஃபுளோரன்ஸின் அநாதைக் குழந்தைகள் இல்லமான இன்னொசெந்தியின் தேவாலயத்துக்காக அதே கிர்லாந்தாயோ 1485 அக்டோபர் 23 அன்று ஒப்புக்கொண்ட பீடத்து ஓவியத்துக்கான ஒப்பந்தம் அது. மொத்தம் 115 ஃபுளோரின். மாதம் 3 ஃபுளோரின் வீதம் கொடுக்கப்படும். 30 மாதத்துக்குள் முடிக்காவிட்டால் 40 ஃபுளோரின் தண்டம். வண்ணங்களை ஓவியரே தம் செலவில் வாங்க வேண்டும். நீலம் மட்டும் அவுன்ஸ் ஏறக்குறைய 4 ஃபுளோரின் விலையுள்ள அசல் கடல்கடந்த நீலமாக இருக்க வேண்டும்.

ஒரு மாதத் தவணையே 3 ஃபுளோரின். ஓர் அவுன்ஸ் நீலம் 4. அந்த நீலம் இன்றைய ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லிலிருந்து வந்தது. கல்லைப் பொடியாக்கி, மெழுகும் பிசினும் கலந்த உருண்டைக்குள் பிசைந்து, காரநீரில் திரும்பத் திரும்பக் கசக்கினால் நீலம் மட்டும் அடியில் இறங்கும். முதல் கசக்கலில் வருவதே உயர்ந்த தரம். மலிவான நீலமும் கடையில் கிடைத்தது. வேறொரு தாதுக்கல்லில் செய்தது, காலப்போக்கில் பச்சையாக மங்கக்கூடியது. அன்னை மரியாளின் மேலாடைக்கு உயர்ந்ததையே பூசச் செய்வது காணிக்கை. அந்தக் காலத்துக் கண், மேலாடையைப் பார்த்தவுடனே அதன் விலையையும் படித்துவிடும். நாமும் படிக்கப் பழகலாம்: ஓர் ஓவியத்தில் ஆழ்ந்த நீலம் யார்மேல் இருக்கிறது, யாருக்கு அது மறுக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இன்னொசெந்தி ஓவியம் 1488இல் முடிந்தது. மூன்று அரசர்கள் குழந்தையை வணங்கும் காட்சி அது; இப்போதும் அதே இல்லத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லா ஒப்பந்தமும் இத்தனை கறாரானதல்ல. துறவியும் ஓவியருமான ஃப்ரா ஆஞ்சலிகோவிடம் 1433இல் லினன் வணிகர் சங்கம் ஓர் ஓவியக் கூடு கேட்டபோது, 190 ஃபுளோரின், அல்லது அவர் மனசாட்சிக்குத் தோன்றும் அளவு அதிலும் குறைவாக, என்று எழுதிக்கொண்டது.

ஆறாம் படி: எதைக் கண்டு அஞ்சினார்கள்?

இதற்கு ஃபுளோரன்ஸை விட்டு, 180 ஆண்டு பின்னோக்கி, பதுவா நகருக்குப் போக வேண்டும். நம் ஊர்ப் புனித அந்தோணியாரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அதே பதுவை.

வட்டிக்குக் கொடுப்பது திருச்சபையின் பார்வையில் பாவம். வெளிப்படையாக வட்டித்தொழில் செய்பவர்களுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் மறுக்கப்பட வேண்டும் என்று 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் விதித்தது. பதுவாவின் ரெஜினால்தோ ஸ்க்ரொவேஞ்ஞி அப்படிப் பேரெடுத்தவர். கவிஞர் தாந்தே தம் நரக காண்டத்தின் 17ஆம் பாடலில், எரிமணலில் உட்கார்ந்திருக்கும் வட்டிக்காரர்களில் ஒருவனின் கழுத்தில் வெள்ளைப் பையைத் தொங்கவிட்டு, அதில் நீல நிறச் சினைப்பன்றியைக் காட்டுகிறார். பெயர் சொல்லவில்லை, அது ஸ்க்ரொவேஞ்ஞி குடும்பச் சின்னம் என்பது ஊருக்கே தெரியும்.

மகன் என்ரிக்கோ 1300இல் பழைய ரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை வாங்கி, அதில் சிற்றாலயம் எழுப்பி, ஓவியர் ஜொத்தோவை வைத்துச் சுவர் முழுவதும் வரையச் செய்தார். 1305 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளில் அது அர்ச்சிக்கப்பட்டது.

உள்ளே போனதும் பீடத்தை நோக்கி நில்லுங்கள். வளைவின் இடப்பக்கத்தில் யூதாஸ், மஞ்சள் உடையில், பணப்பையை இறுகப் பிடித்திருக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் கரிய பேய் ஒன்று அவன்மேல் கைவைத்திருக்கிறது. பிறகு திரும்பி வாசல் சுவரைப் பாருங்கள். உலக முடிவில் எல்லோருக்கும் தீர்ப்பு வழங்கப்படும் பொதுத்தீர்வைக் காட்சி. நரகத்தின் பக்கத்தில் வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பைக் கயிற்றாலேயே தூக்கில் தொங்குகிறார்கள். சிலுவையின் மறுபக்கத்தில், மீட்கப்பட்டவர்களின் வரிசையில், என்ரிக்கோ மண்டியிட்டுச் சிற்றாலயத்தின் சிறு மாதிரியை அன்னை மரியாளிடம் நீட்டுகிறார். அணிந்திருப்பது தவ நாட்களுக்குரிய ஊதா. மாதிரியின் பாரத்தை ஒரு குருவானவர் தோளில் தாங்கியிருக்கிறார். அன்னையின் கையும் அவர் கையும் தொட்டுவிடும் தூரத்தில் நெருங்குகின்றன. இன்னும் தொடவில்லை.

தந்தையின் பாவத்துக்கு மகன் செய்த பரிகாரம் இது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அது மட்டுமே என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து மடத்துத் துறவிகள் 1305 ஜனவரியிலேயே, இது இறைவனின் புகழுக்காக அல்ல, வீண் பெருமைக்காகச் செய்யப்படுகிறது என்று புகார் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கைகளின் இடைவெளியில் இருக்கும் பயம் உண்மையானது.

பதுவா போகிறவர்கள் முன்கூட்டியே டிக்கெட் பதிவு செய்ய வேண்டும். ஈரப்பதமும் தூசியும் ஓவியத்தைத் தாக்காதபடி முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்காரவைப்பார்கள். சிற்றாலயத்துக்குள் தருவதும் ஏறக்குறைய கால் மணி நேரம்தான். ஆகவே மேலே சொன்ன இரண்டு சுவர்களையும் வீட்டிலேயே படத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

அருங்காட்சியகத்தில் பார்க்கும்போது

தனியாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சிறு பலகை ஓவியங்களைக் கண்டால், இது எதிலிருந்து பிரிக்கப்பட்டது என்று கேளுங்கள். சியெனா நகரப் பேராலயத்துக்காக துச்சோ வரைந்த மாபெரும் பீடத்து ஓவியத்தை 1311 ஜூன் 9 அன்று, நகரமே ஊர்வலமாகக் கூடி, மணிகள் முழங்கப் பேராலயத்துக்கு எடுத்துச்சென்றது. அங்கே புரவலர் தனி மனிதர் அல்ல, அன்னை மரியாளுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த ஊர். அன்னையின் பாதத்தருகே எழுதியிருப்பதும் ஊருக்கான வேண்டுதலே: சியெனாவுக்கு அமைதி தா, உன்னை இப்படி வரைந்ததால் துச்சோவுக்கு வாழ்வு தா. 1771இல் அதை ரம்பத்தால் அறுத்துப் பிரித்தார்கள். துண்டுகள் சில இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கின்றன.

கடைசிப் படி: வெளியே வாருங்கள்

சாண்டா திரினிதாவுக்கே திரும்புவோம். சிறிய தொலைநோக்கி இருந்தால் எடுத்துப்போங்கள், மேல்வரிசைக்குத் தேவைப்படும். விளக்குப் பெட்டியில் போடச் சில்லறைக் காசும் வைத்திருங்கள். இத்தாலியத் தேவாலயங்கள் பல நண்பகலில் மூடிவிடும். காலையிலேயே போவது நல்லது. திருப்பலி நடந்தால் பின்வரிசையில் அமைதியாக உட்காருங்கள். அந்த ஓவியங்கள் எதற்காக வரையப்பட்டனவோ அது உங்கள் கண்முன் நடக்கிறது.

பீடத்து ஓவியத்துக்கு நேர்மேலே ஒரு காட்சியை நான் இதுவரை சொல்லவில்லை. மாடி ஜன்னலிலிருந்து ஒரு சிறுவன் விழுந்து இறந்துபோகிறான். பெற்றோரும் உற்றாரும் சூழ்ந்திருக்க, பாடையில் கிடத்தப்பட்ட அவன் எழுந்து உட்கார்ந்து கைகூப்புகிறான். வானத்தில் பிரான்சிஸ் இடுப்பளவு தோன்றி ஆசி வழங்குகிறார். மரபுக் கதைப்படி இது ரோமில் நடந்த அற்புதம். சாசெட்டி இதை ஃபுளோரன்ஸுக்குக் கொண்டுவந்தார். ஏன் என்று கேட்டால், அவருடைய மூத்த மகன் தெயோதோரோ இறந்திருந்தான். அடுத்துப் பிறந்த மகனுக்கும் தெயோதோரோ என்றே பெயரிட்டார்கள். ‘கடவுளின் கொடை’ என்று பொருள்.

பார்த்து முடித்ததும் தேவாலயத்தின் வாசலைத் தாண்டி வெளியே வந்து நில்லுங்கள். அந்தப் படத்தில் இருப்பது இந்தச் சதுக்கம்தான். நீங்கள் கடந்துவந்த முகப்பு பிற்காலத்தது; படத்தில் இருப்பது அதற்கு முந்தைய எளிய முகப்பு. பாலமும் பின்னர் புதிதாகக் கட்டப்பட்டது. ஆனால், எதிரே, ஆற்றையொட்டிக் கோட்டைபோல நிற்கும் ஸ்பினி குடும்ப மாளிகை அன்றிருந்த இடத்திலேயே இருக்கிறது. சிறுவன் விழுந்ததாக வரைந்திருக்கும் ஜன்னல் அதில்தான்.